மவுண்ட் வரியில் ஈஸ்ட்

என் அப்பா லியூபிங்கோ எங்கள் ஊர் மயானத்தின் சர்வரை, அதாவது பதிவேடு இருக்கும் கணினியை, முப்பத்தோரு வருடம் பார்த்துக்கொண்டார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, போட்ட காப்பி ஆறுவதற்குள் இறந்துபோனார். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து பதினாறாம் நாள். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். அடக்கம் வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு என்று முடிவாயிற்று. எந்த இடத்தில் என்பதில் மட்டும் சிக்கல் வந்தது. அந்தச் சிக்கலை உண்டாக்கியது நான்.

அப்பா படித்தது மின்பொறியியல். முதலில் சர்க்கரை ஆலையில் இருந்தார். ஆலையை மூடிவிட்டார்கள். அந்த நேரம் நகராட்சியின் மயான அலுவலகத்தில் கணினி தெரிந்த ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. "இந்த ஆலைக்குச் சரக்கு வரத்து நிக்காது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஓய்வு வயது வந்தபோதும் அவர்கள் அவரை விடவில்லை. அந்தக் கணினியை வேறு யாருக்கும் தெரியாது. 

கணினி இருந்தது அலுவலக மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களுக்கும் வாளிகளுக்கும் நடுவில். அதன் மேல் அம்மா கொக்கி ஊசியால் பின்னிய வெள்ளைத் துணி. வருடத்துக்கு இரண்டு முறை, இறந்தவர்களை நினைத்து ஊரே மயானத்துக்கு வரும் நீத்தார் சனிக்கிழமைக்கு முந்தின வாரம், அப்பா அதை அணைத்து மறுபடி இயக்குவார். அன்று டை கட்டிக்கொண்டு போவார். கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பொத்தானை அழுத்தும் முன் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார். "எனக்காக இல்ல, அதுக்காக" என்று கணினியைக் காட்டுவார்.

ஊரில் யாரையும் அவர் பெயரால் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. மயானத்தில் அவர்கள் குடும்பம் இருக்கும் பிரிவையும் இட எண்ணையும் வைத்துத்தான். பேக்கரிக்காரர் 9-14-இன் மகன். என் கணக்கு வாத்தியார் 3-40-இன் மருமகன். கல்லூரியில் நான் ஒருவனோடு சுற்றுகிறேன் என்று தெரிந்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி:

"எந்தப் பிரிவு?"

"பதினொன்னுப்பா."

"பதினொன்னுல தண்ணி நிக்கும். யோசிச்சுக்கடா."

என்னை எப்போதும் டா போட்டுத்தான் கூப்பிடுவார். இங்கே பல அப்பாக்கள் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் ஊரில் உயிரோடிருக்கும்போதே இடம் பிடித்து, கல் நட்டு, பெயரும் பிறந்த வருடமும் ஒரு சிறு கோடும் செதுக்கி வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தம்பதியாகப் போய்த் தங்கள் கல்லையே துடைத்துவிட்டு வருவார்கள். அப்பா மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் அத்தனை பேரையும் பதிவேட்டில் ஏற்றியவர் தன் பெயரை ஏற்ற மாட்டேன் என்றார்.

"பேர் ஏறினா வரிசையில சேர்ந்தாச்சுன்னு அர்த்தம். நான் உள்ளேர்ந்து பாக்கறவன். எனக்குத் தெரியும்."

"அதெல்லாம் மூடநம்பிக்கைப்பா."

"மூடநம்பிக்கை இல்ல. புள்ளிவிவரம்."

அம்மா தெசங்கா 2009இல் போனார். பிரிவு 14, இடம் 26. லிண்டன் மரத்தடி, நல்ல நிழல். விதிப்படி பக்கத்து இடம் 27 கணவனுக்காகப் பத்து வருடம் காத்திருக்கும். அதற்குள் அவர் தன் பெயரைப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் இடம் பொதுவுக்குப் போய்விடும். 2019இல் பத்து வருடம் முடிந்தது. அப்பா பதியவில்லை. ஆனால் இடம் போகவும் இல்லை. எப்படி என்று நான் கேட்டதில்லை.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணினி கண் விழிக்கும்போது, தகவல்களைச் சேமித்து வைக்கும் ஒவ்வொரு வட்டையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அதற்கு மவுண்ட் செய்வது என்று பெயர். எந்த வட்டை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு கோப்பில் வட்டுக்கு ஒரு வரி இருக்கும். வரியின் நடுவில் காற்புள்ளி போட்டுச் சில சொற்கள்: படிக்க மட்டும், எழுதவும் செய்யலாம், இப்படி. அவைதான் ஆப்ஷன்கள். அப்பாவின் வட்டில் இருந்தது மிகப் பழைய ஒரு ஃபைல் சிஸ்டம், அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் நிரல். உலகத்தில் அதை நம்பி இன்னும் நூறு பேர் இருந்தால் அதிகம். அதற்கு ஒரு குணம் உண்டு. தெரியாத சொல்லைக் கண்டால் ஒன்றும் சொல்லாமல் விழுங்கிவிடும். எந்தக் கையேட்டிலும் இது எழுதப்படவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல, அப்படியே இருந்துவிட்டது.

அப்பா அதைக் கண்டுபிடித்தது அம்மாவால். 2003இல் ஒரு நாள் அந்த வரியைத் திருத்திக்கொண்டிருந்தார். தொலைபேசியில் அம்மா கடைச் சாமான் பட்டியல் சொன்னார். அப்பா காதில் கேட்டதைக் கையால் அடித்துவிட்டார். ஈஸ்ட். கணினியை மறுபடி இயக்கினார். அது ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வேலை பார்த்தது. அன்று வீட்டுக்கு ஈஸ்ட் வரவில்லை. வரியிலிருந்து ஈஸ்ட் போகவும் இல்லை. ஓடுகிற எதையும் தொடுவது அப்பாவுக்குப் பிடிக்காது.

அதற்குப் பிறகு அவர் அந்த வரியைக் குறிப்பேடாகவே வைத்துக்கொண்டார். நினைவூட்டல்களை அங்கே ஆப்ஷன்களாக எழுதினார். அவற்றைப் படித்து நடக்கிற சிறு நிரல்களையும் எழுதிக்கொண்டார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

நான் நோவி சாத் நகரில் வேலை பார்க்கிறேன். வேலைக்கு வெளியே, சம்பளம் இல்லாமல், எல்லோருக்கும் பொதுவான அந்தப் பழைய ஃபைல் சிஸ்டத்தையும் கவனித்துக்கொள்கிறேன். வேறு யாரும் முன்வராததால் பராமரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. அப்பா அதைப் பயன்படுத்துகிறார் என்பதற்காகத்தான் அதை எடுத்தேன் என்று அவரிடம் சொன்னதில்லை. இரண்டு வருடம் முன்பு அதைச் சுத்தம் செய்தேன். தெரியாத சொல் வந்தால் இனி மவுண்ட் செய்ய மறுத்துவிடும் என்று மாற்றினேன். மாற்றத்தோடு போகும் குறிப்பில் எழுதினேன்: "பழைய நடத்தையை நம்பியிருப்பவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை." எங்கள் எல்லோருடைய மாற்றங்களையும் பார்த்துச் சேர்க்கும் பெரிய பராமரிப்பாளர் ஒருவர் தூரதேசத்தில் இருக்கிறார். அவர் நன்றி சொல்லிச் சேர்த்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்பா புதிய பதிப்புகளை முதலில் வீட்டில் ஒரு ஓட்டை மடிக்கணினியில், அதே மவுண்ட் வரியோடு, போட்டுப் பார்ப்பார். போன வருடம் நவம்பரில் என்னை அழைத்தார்.

"எந்த அயோக்கியன்டா இதை மாத்துனது?"

"எதைப்பா?"

"ஆப்ஷன் தெரியலைன்னு சொல்லி எழுந்திருக்கவே மாட்டேங்குது. நேத்து வரைக்கும் எழுந்திருச்சுது. ஒரு மண்ணும் தெரியாதவன் எவனோ கைய வெச்சிருக்கான்."

"நான்தான்பா."

மறுமுனையில் அதைத் திறந்து பார்க்கும் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா தப்பு."

"இல்லாத ஆப்ஷனை எழுதினது உங்க தப்பு."

"நேத்து ஓடிச்சு. இன்னைக்கு ஓடல. நடுவுல நான் எதையும் தொடல. அப்ப தொட்டது யாரு?"

"குறிப்பு வேணும்னா கமெண்ட் வரியில எழுதுங்களேன். அதுக்குத்தானே அது இருக்கு?"

"கமெண்டை எவன் வேணா அழிப்பான். மவுண்ட் வரியைத் தொட எவனுக்காவது தைரியம் வருமா?"

நியாயமான பேச்சு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வழியும் சொன்னேன்: ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு அடையாளம் போட்டால் புதிய பதிப்பும் ஏற்கும் என்றேன். அவர் பதினாறு நிரல்களை மாற்ற வேண்டும் என்றார். அரை நாள் வேலை என்றேன். அரை நாள் பிரச்சினை இல்லை, அதை யார் செய்ய வேண்டும் என்பதுதான் பிரச்சினை என்றார்.

மறுநாள் எங்கள் பொது மின்னஞ்சல் குழுவுக்கு அவரிடமிருந்து முதல் கடிதம் வந்தது. என் குறிப்பை மேற்கோள் காட்டியிருந்தார்: "நம்பியிருப்பவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை." அதற்குக் கீழே ஒரே வரி:

"நான் இருக்கிறேன்."

அதற்கு நான் எழுதிய பதில் "மதிப்பிற்குரிய பயனாளர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்தது. ஆவணப்படுத்தப்படாத நடத்தைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று முடிந்தது. அடுத்து "மதிப்பிற்குரிய பராமரிப்பாளர் அம்மையார் அவர்களுக்கு" என்று அவர் எழுதினார். பதினொரு மாதத்தில் பதினாறு கடிதம். உலகத்தில் யாருக்கும் நாங்கள் அப்பாவும் மகளும் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டுக்குப் போவேன். அவர் சூப் வைப்பார். கடிதங்களைப் பற்றி இருவரும் பேச மாட்டோம்.

"உப்பு கம்மியா இருக்குப்பா."

"ஆவணத்துல எவ்வளவு எழுதியிருக்கோ அவ்வளவுதான் போட்டேன், அம்மையார்."

எந்தச் சொற்களுக்காக இவ்வளவு சண்டை என்று ஒரு கடிதத்திலும் அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. அலுவலகக் கணினியை மட்டும் பழைய பதிப்பிலேயே நிறுத்திவைத்தார். மேலே ஒரு சீட்டு ஒட்டினார்: "அப்டேட் செய்யாதே. செய்தால் எழுந்து வருவேன். லியூபிங்கோ."

புதன்கிழமை காலை மயான அலுவலகத்துக்குப் போனேன். அத்தை நெவெங்கா அதற்குள் கறுப்புக் கட்டம் போட்ட மரண அறிவிப்பை அச்சடித்து, மரத்துக்கு மரம், கம்பத்துக்குக் கம்பம், பேக்கரிக் கதவு வரை ஒட்டி முடித்திருந்தார். வெள்ளி, ஒரு மணி. அறிவிப்பு ஒட்டிவிட்டால் எங்கள் ஊரில் தேதியை மாற்றுவது நடக்காது. அடக்கத்தன்று கொடுக்கும் இனிப்புக் கோதுமைச் சாதம் சாப்பிடப் பாதி ஊர் வந்து நிற்கும்.

அலுவலகத்தை நடத்துபவர் ஸாகோர்கா அக்கா. அப்பாவோடு இருபது வருடம் ஒரே அறையில் இருந்தவர். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு ஒரு குட்டிக் கிளாஸில் பிளம் பழச் சாராயமான ரக்கியா ஊற்றிக் கொடுத்தார். தனக்கும் ஊற்றிக்கொண்டு, குடிக்கும் முன் அப்பாவுக்காகத் தரையில் கொஞ்சம் சிந்தினார். பிறகு உட்கார்ந்து திரையில் 14ஆம் பிரிவைத் திறந்தார். அவர் முகம் மாறியது.

"கண்ணு, இருபத்தேழுல வேற ஆள் இருக்கே."

"செத்தவரா?"

"இல்ல, உசுரோடதான். நம்ம ராதிவோய், மாட்டு டாக்டர். போன வியாழன்தான் பதிஞ்சுட்டுப் போனார். மெஷின் காலியா இருக்குன்னு சொல்லிச்சு. நானும் முத்திரை வெச்சுக் குடுத்துட்டேன்."

"ஆறு வருஷமா காலியில்லைன்னு சொன்ன மெஷின் போன வாரம் மட்டும் எப்படிக்கா சொல்லுச்சு?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப தணிக்கைக்காரங்க வந்தாங்க. பதிப்பு பழசு, உடனே மாத்துன்னாங்க. அந்தச் சீட்டைக் காட்டினேன். எழுதினது யாருன்னு கேட்டாங்க. முழங்கால் ஆபரேஷன்ல இருக்கார்னேன். சிரிச்சாங்க. அப்டேட் பண்ணினேன். வட்டு எழுந்திருக்கல. 'ஈஸ்ட் என்ற ஆப்ஷன் தெரியவில்லை'ன்னு வந்துச்சு. எனக்குக் கை கால் ஓடல."

"அப்புறம்?"

"ஈஸ்டை எடுத்தேன். அடுத்ததைத் தெரியலைன்னுச்சு. அதையும் எடுத்தேன். ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே வந்தேன். கடைசில எழுந்திருச்சுது. கால்ல கட்டோட இருக்கற மனுஷனை ஏன் தொந்தரவு பண்ணணும்னு சொல்லல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எழுந்து வருவேன்னு எழுதியிருந்தார். நான் பண்ணிட்டேன். வரல பாரு."

எடுப்பதற்கு முன்னால் அக்கா பழைய வரியை அச்செடுத்து, தேதி போட்டு, முத்திரை வைத்து, கோப்பில் சேர்த்திருந்தார். எங்கள் நாட்டில் எதையும் அப்படித்தான் செய்வார்கள். அந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்து, அப்பா சொல்லிக் கேட்ட ஈஸ்ட் கதையையும் சொன்னார். நான் படித்தேன்.

ஈஸ்ட். பனிக்காலம்-பத்து-மணிக்கு-முன்-தோண்டாதே. பாதிரியாருக்கு-செவ்வாய்-சந்தை. பிரிவு-11-க்கு-பம்ப். வரிசையின் கடைசியில்: தெசங்கா-பக்கம்-14-27.

கடைசிச் சொல் வரியில் இருக்கும்வரை அவருடைய நிரல் 27ஐக் காலி என்று யாருக்கும் காட்டாது. பெயர் பதிவேட்டிலும் ஏறாது. பதினாறு கடிதமும் அதற்காகத்தான். அதைப் பொதுக் குழுவில் அவரால் எழுத முடியாது. என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்கலாம்.

"அக்கா, இப்ப என்ன செய்யலாம்?"

"ராதிவோய் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தா மாத்தலாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நம்பர் வேணும், தோண்டற ஆளுங்க கேப்பாங்க. இல்லாட்டி உங்கப்பாவுக்கு இடம் பதினொன்னுலதான் இருக்கு."

பதினொன்றில் தண்ணீர் நிற்கும். நான் எழுந்தேன்.

ராதிவோய் மாமா தன் வீட்டு முற்றத்தில் இரும்பு அடுப்பில் குளிர்கால ஊறுகாய்க்காகச் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். அக்டோபர் மாதம், ஊர் முழுக்க அந்த வாசனைதான். பெரிய மீசை. எழுபத்தைந்து வயது. மனைவி இறந்து, ஊருக்கு வெளியே அவள் பிறந்த கிராமத்தில் அடக்கமாகியிருந்தாள். அவருக்கு அந்தக் கிராமத்தோடு ஆகாது. எங்கள் ஊர் லிண்டன் மரத்தடிதான் வேண்டும் என்று ஆறு வருடமாக அலைந்தவர்.

"லியூபிங்கோ பொண்ணா? கேள்விப்பட்டேன். வருத்தமா இருக்கு. உக்காரு. சும்மா உக்காராத, தோலை உரி."

ஒரு சட்டி மிளகாயை என் மடியில் வைத்தார். உரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் மிளகாயைத் திருப்புவதை நிறுத்தவில்லை.

"வருஷா வருஷம் வசந்த காலத்துல போய் நிப்பேன். உங்கப்பன் மெஷினைப் பாப்பான். 'இல்ல'ம்பான். கண்ணால பாக்கறேன்டா, காலியா புல்லு மொளைச்சுக் கெடக்குன்னா, 'மெஷின் இல்லைங்குது'ம்பான். ஆறு வருஷம்! இப்ப மெஷின் ஆமாங்குது. நான் என்ன மெஷினை மீறினவனா?"

"இல்ல மாமா."

"கல்லுக்குச் சொல்லியாச்சு. போட்டோவோட. மூக்குக்கண்ணாடி போட்ட போட்டோ."

"அதை அங்கேயே பக்கத்துல இருபத்தெட்டுல வெக்கலாம் மாமா."

"குழாயடியா? ஊர் பூரா வாளியோட வந்து நிக்கும். சேறு. எனக்கு வேணாம்."

நான் உரித்துக்கொண்டே இருந்தேன். கை சிவந்து எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்.

"ஆறு வருஷம் இல்லைன்னது இப்ப ஏன் ஆமான்னுச்சு? அதைச் சொல்லு."

ஈஸ்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் தொலைபேசி, அந்த வரி, விழுங்கிய சொற்கள், அப்பா பெயர் பதியப் பயந்தது. மாட்டு டாக்டர் கவனமாகக் கேட்டார். நோயாளி பேசாத தொழிலில் இருந்தவர். சுற்றியிருப்பவர்களின் பேச்சை வைத்துக் கண்டுபிடித்துப் பழகியவர்.

"அப்ப அந்தப் பிராணி இருபது வருஷமா எதைப் போட்டாலும் தின்னுச்சு."

"ஆமா."

"திடீர்னு ஒரு நாள் திங்க மாட்டேன்னுச்சு."

"ஆமா."

"தீவனம் மாறல. கொட்டில் மாறல. அப்ப யாரோ ஊசி போட்டிருக்காங்க. யாரு போட்டா?"

பதினொரு மாதம் உலகத்தின் முன்னால் நான் சொல்லிவந்த பதில் ஒன்று இருந்தது. ஆவணத்தில் இல்லாததை எழுதியது பயனாளரின் தவறு என்பது அது. வாயில் வந்தது. அதைச் சொன்னால் தப்பு அப்பாவுடையது, இடம் இவருடையது.

"நான்தான் மாமா. தப்பு என்னோடது."

அவர் மிளகாயைத் திருப்பிப் போட்டார்.

"எழுத்துல குடுப்பியா?"

"எதுக்கு?"

"ஆறு வருஷம் நாய் மாதிரி அலைஞ்சு வாங்கின இடத்தை ஆறே நாள்ல ராதிவோய் விட்டுக்குடுத்தான்னு பேச்சு வரும். என் கொழுந்தியா ஒருத்தி போதும், மூணு கிராமத்துக்குச் சொல்லிடுவா. நான் விட்டுக்குடுக்கலை. மெஷின் தப்பு, இடம் என்னிக்குமே காலியா இல்ல, அதனால என் பதிவே செல்லாது. அப்படிக் காகிதம் வேணும். கையெழுத்தோட. முத்திரையோட."

"முத்திரையுமா?"

"நாப்பது வருஷம் மாட்டுக்குச் சாவுச் சான்றிதழ் எழுதினவன்மா நான். முத்திரை இல்லாம இந்தத் தாலுக்காவுல ஒரு ஆடுகூடச் செத்ததில்ல."

அன்று மாலையே அப்பாவின் சமையலறை மேசையில் அந்த ஓட்டை மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் நேற்று ஓடியதை இன்று உடைத்தால் அதற்கு ரிக்ரெஷன் என்று பெயர். உடைத்தவர் சரிசெய்ய வேண்டும் என்பது முதல் விதி. கையேட்டில் இருந்ததா இல்லையா என்பது அந்த விதியில் எங்கும் இல்லை. எனக்கு இது பத்து வருடமாகத் தெரியும். மற்றவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மாற்றம் பதினொரு வரி. இப்படி ஒட்டுப்போடுவதைப் பேட்ச் என்போம். தெரியாத சொல் வந்தால் மறுக்காதே, பதிவில் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு மேலே போ. அவ்வளவுதான். நிரல் எழுத இருபது நிமிடம் ஆயிற்று. குறிப்பு எழுத மூன்று மணி நேரம். கடைசியில் இப்படி அனுப்பினேன்:

"பயனாளர் ஒருவர் இந்த நடத்தையை இருபத்திரண்டு வருடமாக நம்பியிருந்தார். என் மாற்றம் அதை உடைத்தது. அவர் பதினாறு முறை தெரிவித்தார். நான் ஏற்கவில்லை. தவறு என்னுடையது. பழைய நடத்தையைத் திரும்பக் கொண்டுவருகிறேன். இந்த முறை ஆவணத்திலும் எழுதியிருக்கிறேன். உடைத்தவர்: விஷ்னியா. அறிவித்தவர்: லியூபிங்கோ."

வியாழக்கிழமை காலை அதை அச்செடுத்துக்கொண்டு ஸாகோர்கா அக்காவிடம் போனேன். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"கூட்டல் கழித்தலா நெறைய இருக்கே. கணக்கா?"

"கழித்தல் போட்டது போன வரி. கூட்டல் போட்டது வந்த வரி."

"அப்ப மயானப் பதிவேடு மாதிரிதான்" என்று சொல்லி முத்திரை வைத்தார். கூட்டல் கழித்தல் மேலேயே வைத்தார். இரண்டாவது பக்கத்திலும் வைத்தார். அந்தப் பேட்ச் உலகத்தில் வேறு எங்கும் அவ்வளவு அதிகாரப்பூர்வமாக இருந்திருக்காது.

மாடிப்படிக்குக் கீழே இருந்த கணினியில் புதிய நிரலை ஏற்றினேன். பழைய வரியைத் தாளைப் பார்த்து அடித்தேன். அக்கா பின்னால் நின்று சரிபார்த்தார்.

"ஈஸ்டையும் போடணுமா?"

"போடணும்க்கா."

"அது கடைச் சாமான்தானே. எதுக்கு அது?"

"நேத்து வரைக்கும் இருந்துச்சு."

அப்பாவின் டையை நான் கொண்டுவந்திருக்கவில்லை. அக்கா கழுத்துத் துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். கட்டிக்கொண்டேன். சிலுவைக் குறியை அக்கா போட்டார். பொத்தானை அழுத்தினேன். கணினி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்தது. திரையில் 27 பழையபடி, யார் பெயரும் இல்லாமல், காலியில்லை என்று வந்தது.

ராதிவோய் மாமா பதினொன்றரைக்கு வந்தார். கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உடைத்தவர் விஷ்னியா. நல்லா இருக்கு. இதை எனக்கு ஒரு பிரதி குடு. கொழுந்தியாவுக்குச் சட்டம் போட்டு மாட்டணும்."

கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குழாயடி இருக்கே, இருபத்தெட்டு. தண்ணி பிடிக்க ஊர் பூரா வரும்னு சொன்னேன் இல்ல?"

"ஆமா மாமா. சேறுன்னீங்க."

"வர்றவன் போறவன் எல்லாம் என் போட்டோவைப் பாப்பான் இல்ல?"

"நிச்சயமா."

"எழுதிக்கோ, ஸாகோர்கா. இந்தப் பக்கம் லியூபிங்கோ இருக்கான். அவன்கிட்ட ஆறு வருஷப் பாக்கிப் பேச்சு இருக்கு எனக்கு."

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அப்பாவை அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். நல்ல வெயில். பாதி ஊர் வந்தது. 9-14-இன் மகன் சவப்பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார். 3-40-இன் மருமகன் கோதுமைச் சாதம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். ராதிவோய் மாமா ரக்கியாவைக் குழியோரம் சிந்தி, "போய் இரு, வர்றேன். அவசரமில்ல" என்றார். அத்தை நெவெங்கா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டு என்னைக் கோபமாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தேன். தூரதேசத்துப் பெரிய பராமரிப்பாளரின் பதில் வந்திருந்தது. அவர் எதையும் சுருக்கமாக எழுதுபவர்.

"பேட்ச் நன்றாக இருக்கிறது. சேர்க்கும் முன் ஒரு கேள்வி. அறிவித்தவர் இதைச் சோதித்துப் பார்த்தாரா?"

எங்கள் வழக்கப்படி நியாயமான கேள்வி. சரிசெய்ததாக நாம் சொன்னால் போதாது; புகார் சொன்னவர் ஒத்துக்கொள்ள வேண்டும். சமையலறையில் ஞாயிற்றுக்கிழமைச் சூப்புக்கு அப்பா வாங்கிவைத்த காரட் அப்படியே இருந்தது. நான் பதில் எழுதினேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, சோதித்தார். வெள்ளி ஒரு மணியிலிருந்து அங்கேதான் இருக்கிறார். புகார் எதுவும் இல்லை."

அதற்குக் கீழே விதிப்படி ஒரு வரி சேர்த்தேன்.

சோதித்தவர்: லியூபிங்கோ, 14-27.